பின் வீலுக்கு என்ன வேலை?

பல்பு வாங்கின கதையோட ஆரம்பிக்கலாமா பாஸ்? கவலைப்படாதீங்க, சொந்தப் பல்புதான்!

போன செமஸ்டர் லீவுக்கு இன்டர்ன்ஷிப் தேடி ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனிக்கு இன்டர்வியூ போயிருந்தேன். பெயர் வேண்டாம்... தப்பு அவங்க பக்கம் இல்லை. எங்க மெக்கானிக்கல் கிளாஸில் 60 பேர். பொண்ணுங்க நாலே பேர். அந்த நாலில் ஒருத்தியா உள்ளே நுழைஞ்சா, எதிரே உட்கார்ந்திருந்ததும் ஒரு மேடம்! 'ஆஹா, நம்ம இனம்'னு மனசுக்குள்ள ஒரு குத்தாட்டம் போட்டேன். அந்தச் சந்தோஷம் சரியா மூணு நிமிஷம் தாங்குச்சு.

"ஒரு சின்ன கார். ஃப்ரன்ட் வீல் டிரைவ். பின்னாடி என்ன சஸ்பென்ஷன் வைப்பீங்க?"

அடடா, ஆட்டோமொபைல் பேப்பரில் நான் விழுந்து விழுந்து படிச்ச சாப்டர்! "இண்டிபென்டென்ட் சஸ்பென்ஷன் மேடம். ரெண்டு வீலும் தனித்தனியா ஏறி இறங்கும். ஒரு வீல் பள்ளத்தில் விழுந்தா இன்னொரு வீலுக்குத் தெரியாது. எடை கம்மி. கம்ஃபர்ட், ஹேண்டிலிங் ரெண்டும் பெட்டர்." புத்தகத்தில் இருக்கிற பாயின்ட் அத்தனையும் அதே வரிசையில் ஒப்பிச்சேன்.

மேடம் பேனாவை மூடி வெச்சாங்க. "வெளிய பார்க்கிங்ல நிக்கிற சின்ன கார் எல்லாத்தையும் குனிஞ்சு பாருங்க. பெரும்பாலும் பீம்தான் இருக்கும். அதையெல்லாம் டிசைன் பண்ணினவங்க உங்க புத்தகத்தைப் படிக்கலையா?"

நான் திருதிரு.

"சரி, இதை மட்டும் சொல்லுங்க. ஃப்ரன்ட் வீல் டிரைவ் கார்ல பின் வீலுக்கு என்ன வேலை?"

"சு... சுத்துறது மேடம்."

இன்டர்ன்ஷிப் கிடைச்சதானு நீங்க கேட்க மாட்டீங்க. அந்த அளவுக்கு நல்லவங்க நீங்க!

கோயமுத்தூர் திரும்புற பஸ்ஸில் கிடைச்சது கடைசி சீட். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு அடி உயரம் பறந்து, விழுந்து, மறுபடி பறந்து... பறக்கிறப்ப எல்லாம் அந்தக் கேள்விதான். பின் வீலுக்கு என்ன வேலை?

மறுநாளே சிங்காநல்லூர் பக்கம் அப்பாவுக்குத் தெரிஞ்ச ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போய் நின்னேன். லிஃப்ட்டில் ஒரு ஸ்விஃப்ட். பக்கத்து லிஃப்ட்டில் 2008 மாடல் ஹோண்டா சிவிக். ரெண்டுக்கும் அடியில் நின்னுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தா, எனக்கு வேண்டியது மொத்தமும் தலைக்கு மேலே தொங்குது!

"ஏனுங் அம்மிணி, காலேஜ்ல இதெல்லாம் காட்ட மாட்டாங்களா?" என்றார் மெக்கானிக் அண்ணன், கையைத் துடைச்சுக்கிட்டே.

"காட்டுவாங்கண்ணா. பழைய ஜீப்போட ஆக்ஸில்."

"அப்ப ஜீப்பு வாங்குனா உதவும், போங்க!"

அண்ணன் கிண்டலாத்தான் சொன்னார். ஆனா என் பல்புக்குக் காரணமே அதுதான். நாம புத்தகத்தில் படிக்கிற ஒப்பீடு பெரும்பாலும் ஜீப், அம்பாசடர் மாதிரி பின் வீல் இழுக்கிற வண்டிகளை மனசில் வெச்சு எழுதினது. அங்கே பின் ஆக்ஸிலுக்கு நடுவில் பூசணிக்காய் சைஸில் ஒரு டிஃபரென்ஷியல். உள்ளே கிரவுன், பினியன், ஆயில். அத்தனை இரும்பும் வீலோடு சேர்ந்து குதிக்கும். ஸ்பிரிங்குக்குக் கீழே எவ்வளவு எடை தொங்குதோ, அவ்வளவுக்கு வீல் ரோட்டைப் பிடிக்கத் தடுமாறும், உட்கார்ந்திருக்கிறவங்க முதுகு பேசும். அதனால் அந்த வண்டியில் 'டிஃபரென்ஷியலைத் தூக்கி பாடியில் மாட்டு, வீலைத் தனித்தனியா விடு'னு சொல்றது நூத்துக்கு நூறு நியாயம்.

ஃப்ரன்ட் வீல் டிரைவில் கதையே வேற. இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் எல்லாமே முன்னாடி. இழுக்கிறதும் முன் வீல், திருப்புறதும் முன் வீல், பிரேக்கில் பெரும்பங்கு வாங்கிக்கிறதும் முன் வீல். பின்னாடி இருக்கிறது சும்மா ஒரு 'டெட்' ஆக்ஸில். பூசணிக்காயே இல்லாத இடத்தில் பூசணிக்காயைக் குறை சொல்லித்தான் நான் மார்க் வாங்கிட்டு இருந்திருக்கேன்!

அப்ப பின் வீலுக்கு வேலையே இல்லையா? இருக்கு. சுமக்கணும். டிரைவர் மட்டும் போறப்ப ஒரு எடை, அஞ்சு பேரும் டிக்கி நிறைய கல்யாண சீர்வரிசையும் ஏறினா வேற எடை. காலி வண்டிக்கும் ஃபுல் லோடுக்கும் நடுவில் முன் வீலை விட அதிகமா அவஸ்தைப்படுறது பின் வீல்தான். அதைவிட முக்கியமா, முன் வீல் போற வழியிலேயே வரணும். தன்னிஷ்டத்துக்கு ஒரு துளி கூடத் திரும்பக் கூடாது. கடைசியா, வளைவில் வண்டி சாயுறப்ப அந்தச் சாய்வை எவ்வளவு எதிர்க்கணும்ங்கிறதில் அதுக்கு ஒரு பங்கு உண்டு. இந்த மூணாவது மேட்டர்தான் பீமோட சரித்திரத்தையே மாத்தினது. வர்றேன்.

ஷட்டில்காக் டப்பா ரகசியம்

முதலில் ஸ்விஃப்ட்டுக்கு அடியில் நான் பார்த்ததைச் சொல்லிடறேன். ரெண்டு பக்கமும் நீளவாக்கில் ஒவ்வொரு கை. அதன் முன்முனை ஒரு ரப்பர் புஷ் மூலமா பாடியில் மாட்டியிருக்கு. பின்முனையில் வீல். ரெண்டு கையையும் குறுக்கே சேர்த்து ஒரே ஒரு உத்தரம். மேலேயிருந்து பார்த்தா இங்கிலீஷ் 'ஹெச்' எழுத்து. இதுக்குத்தான் ட்விஸ்ட் பீம், டார்ஷன் பீம்னு பேரு. 'ரெண்டு வீலையும் இரும்பால் சேர்த்து வெல்டு வெச்சாச்சு, அப்புறம் எப்படி ஒண்ணு மட்டும் ஏறி இறங்கும்?'னு எனக்கும் சந்தேகம் வந்துச்சு.

ஹாஸ்டல்வாசிகளே, ஒரு சின்ன பரிசோதனை. காலியான ஷட்டில்காக் டப்பா ஒண்ணு எடுத்து, மூடியைக் கழட்டிட்டு, ரெண்டு முனையையும் பிடிச்சு ஈரத்துணி பிழியிற மாதிரி முறுக்குங்க. அசையாது. இப்ப பிளேடால் நீளவாக்கில் ஒரே ஒரு கோடு கிழிங்க. மறுபடி முறுக்குங்க... வழுக்கிட்டுப் போகும்! ஆனா அதே கிழிஞ்ச டப்பாவை ரெண்டு மேஜைக்கு நடுவில் பாலம் மாதிரி வெச்சு மேலே ரெண்டு நோட்டு அடுக்குங்க, தாங்கும். வளைக்கிறதுக்கு முரண்டு பிடிக்கும், முறுக்கிறதுக்கு இளகிப்போகும்.

ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் அரியர் வெச்சவங்க கூட இந்தக் கணக்கைப் போடலாம். மெல்லிய வட்டக் குழாயை நீளவாக்கில் கிழிச்சா, முறுக்கை எதிர்க்கிற பலம் எத்தனை மடங்கு குறையும்? ஆரத்தைத் தடிமனால் வகுத்து, வர்க்கம் போட்டு, மூணால் பெருக்குங்க. 25 மி.மீ. ஆரம், 2.5 மி.மீ. தடிமன்னா, விடை 300 மடங்கு! ட்விஸ்ட் பீமோட குறுக்கு உத்தரம் இப்படி ஒரு பக்கம் திறந்த தகடுதான். சில கம்பெனிகள் குழாயை நடுவில் மட்டும் நசுக்கி அதே குணத்தைக் கொண்டு வர்றாங்க. ஒரு வீல் பள்ளத்தில் இறங்குறப்ப இந்த உத்தரம் முறுக்கிக்கிட்டு வழிவிடும். ஆனா முழுசா விடாது. இன்னொரு வீலுக்கும் கொஞ்சம் சேதி போகும். அதனால் இது டிபென்டென்டும் இல்லை, இண்டிபென்டென்டும் இல்லை. 'செமி இண்டிபென்டென்ட்'னு விளம்பரத்தில் போடுறாங்களே, அது புருடா இல்லை பாஸ், நிஜம்தான்.

அந்த முறுக்குக்கு இன்னொரு லாபம். வளைவில் வண்டி சாயுறப்ப ஒரு பக்க வீல் மேலே, ஒரு பக்க வீல் கீழே. உத்தரம் முறுக்கிக்கும், சாய்வை எதிர்க்கும். அதாவது ஆன்டி ரோல் பார்னு தனியா ஒண்ணு வாங்க வேண்டிய வேலையை, வீல்களைத் தாங்குற அதே இரும்பே செஞ்சிடுது. ஒரே கல்லில் ரெண்டு மாங்கா!

ஃபோக்ஸ்வாகன் கம்பெனி 1974-ல் கோல்ஃப் காரை இறக்கினப்ப பின்னாடி இதைத்தான் வெச்சாங்க. அதே வருஷம் வந்த ஆடி 50-லயும் இதேதான். வேடிக்கை என்னன்னா, அதே கம்பெனியோட புகழ்பெற்ற பீட்டில் காரில் பின்னாடி இருந்தது இண்டிபென்டென்ட்! 'ஸ்விங் ஆக்ஸில்'னு சொல்ற அந்த ரகத்தில், வேகமா வளைச்சா வெளிப்பக்க வீல் குடை மடங்குற மாதிரி உள்ளே மடங்கிக்கும்னு ஊரே பயந்தது. 'இண்டிபென்டென்ட்'னு பேர் இருந்தா மட்டும் போதாதுன்னு அப்பவே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியலை.

1976-ல் வந்த கோல்ஃப் ஜி.டி.ஐ. வேகமா வளையிற படம் எங்கேயாவது கிடைச்சா பாருங்க. உள்பக்கப் பின் வீல் அந்தரத்தில் நிக்கும், தெருநாய் கரன்ட் கம்பத்துக்கிட்ட நிக்கிற மாதிரி! ஆபத்துனு தோணும். ஃப்ரன்ட் வீல் டிரைவில் அது திட்டம் போட்டுச் செஞ்சது. சாய்வை எதிர்க்கிற பொறுப்பைப் பின்பக்கம் நிறைய வாங்கிக்கிட்டா, முன் வீல் ரெண்டும் ரோட்டில் நல்லா ஒட்டும். இழுக்கிறதும் திருப்புறதும் அதுங்கதானே! பின் வீல் ஒண்ணு காத்துல இருந்தாலும் அங்கே பவர் இல்லை, ஒண்ணும் வீணாகலை. மூணாவது மேட்டர்னு சொன்னேனே, இதுதான்.

ஒரே புஷ்ஷுக்கு ரெண்டு வேலை

"அப்ப பீம்தான் பெஸ்ட்டாண்ணா?"

அண்ணன் பதில் சொல்லாம பக்கத்து லிஃப்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனார். சிவிக் அடியில் பார்த்தா, சிலந்தியைக் கவுத்துப் போட்ட மாதிரி நாலாபக்கமும் கைகள். நீளமா ஒண்ணு, குறுக்கே குட்டை குட்டையா சில. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு முனையிலும் மூட்டு. "அதுல ரெண்டே புஷ்ஷு. இதுல நீங்களே எண்ணிக்கங்க அம்மிணி" என்றார். எண்ணினேன், ஒரு பக்கம் முடிக்கிறதுக்குள்ள கழுத்து வலிச்சது.

எதுக்கு இத்தனை? இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமா படிங்க, மொத்தச் சண்டையும் இங்கேதான் இருக்கு.

ட்விஸ்ட் பீமில் 'ஹெச்' முழுசும் பாடியோட கைகோக்கிறது முன்முனையில் இருக்கிற அந்த ரெண்டு ரப்பர் புஷ்ஷில்தான். வீல் ஒரு கல்லில் மோதுறப்ப லேசா பின்னால் நகர்ந்து கொடுத்தா, அந்த அடி நமக்குத் தெரியாது. அதுக்கு ரப்பர் மெத்துனு இருக்கணும். சரி, மெத்துனு வெச்சாச்சு. இப்ப வேகமா ஒரு வளைவு. ரோடு பின் வீல்களைப் பக்கவாட்டில் தள்ளுது. புஷ் ரெண்டும் வீலுக்கு ரொம்ப முன்னாடி இருக்கு. என்னாகும்? ஒரு பக்கப் புஷ் முன்னால் நசுங்கும், இன்னொரு பக்கம் பின்னால் நசுங்கும், மொத்த 'ஹெச்'சும் ஒரு துளி கோணலாத் திரும்பிக்கும். நீங்க ஸ்டீயரிங்கைத் தொடலை, பின்பக்கம் தானா ஸ்டீயரிங் பண்ணுது! அதுவும் வண்டியோட வால் வெளியே வீசுற திசையில். இதைத் தடுக்க ரப்பரை இறுக்கமாக்கினா, கல்லில் மோதுற ஒவ்வொரு அடியும் முதுகுக்கு நேரா வந்து சேரும். சொகுசு வேணுமா, நிதானம் வேணுமானு ஒரே புஷ் கிடந்து தவிக்குது.

மல்டி லிங்க்கில் இந்தத் தவிப்பே இல்லை. நீளவாக்கில் போற கைக்கு மெத்தான புஷ், அடியை அது வாங்கிக்கட்டும். குறுக்கே போற கைகளுக்கு இறுக்கமான புஷ், வீல் நேரா பார்க்கிறதை அதுங்க கவனிச்சுக்கட்டும். வேலையைப் பிரிச்சுக் கொடுத்தாச்சு. 'வீல் தனித்தனியா ஏறி இறங்கும்'ங்கிறதை விடப் பெரிய பலம் இதுதான். நான் இன்டர்வியூவில் சொல்லியிருக்க வேண்டியதும் இதுதான். புத்தகத்தில் இது ஏன் இல்லைனு எனக்கு இன்னும் கோபம் இருக்கு.

பீம்காரங்களும் சும்மா இல்லை. புஷ்ஷைச் சாய்வா மாட்டி, பக்கவாட்டு அழுத்தம் வர்றப்ப கோணலாகிறதைக் குறைக்கிற தந்திரத்தைக் கண்டுபிடிச்சாங்க. ஓப்பல் கம்பெனி 2009-ல் வந்த ஆஸ்ட்ராவில் ட்விஸ்ட் பீமுக்குப் பின்னாடி 'வாட்ஸ் லிங்க்'னு குறுக்கே ஒரு கம்பிச் சங்கதியைச் சேர்த்து, பக்கவாட்டு வேலையை அதுக்குக் கொடுத்துட்டாங்க. அந்த வாட்... ஆமா, நீராவி இன்ஜின் ஜேம்ஸ் வாட்டேதான்! ஸ்வீடனோட ஸாப் 900 காரில் (1978-ல் வந்தது) முறுக்கிக்கவே முறுக்கிக்காத அசல் பீம். அதிலும் இந்த வாட் வித்தைதான். அசல் பீமுக்கு ஒரு அழகு உண்டு. வண்டி எவ்வளவு சாய்ஞ்சாலும் பின் வீல் ரெண்டும் ரோட்டில் செங்குத்தாவே நிக்கும்.

இதுக்கு நேர் எதிர் உதாரணம் நம்ம ஊர் இண்டிகா. 1998-ல் வந்த முதல் இண்டிகாவில் பின்னாடி செமி டிரெய்லிங் ஆர்ம், அதாவது இண்டிபென்டென்ட். அஞ்சு பேரும் லக்கேஜும் ஏத்திட்டுப் போற இண்டிகா கால்டாக்ஸிக்குப் பின்னால் பைக்கில் போயிருக்கீங்களா? பின் வீல் ரெண்டும் கால் அகட்டி நிக்கும், கீழே அகலமா, மேலே குறுகலா. அந்த அமைப்பில் வண்டி அமுங்க அமுங்க வீல் சாயும். டயரோட உள்பக்கம்தான் முதலில் தேயும். "உள்பக்கம் மொட்டை, வெளிப்பக்கம் புதுசு... எத்தனை டயர் பார்த்திருக்கேன் போங்க!" என்கிறார் அண்ணன். 2008-ல் வந்த இண்டிகா விஸ்டாவில் டாடா ட்விஸ்ட் பீமுக்கு மாறிட்டாங்க. பேப்பரில் பார்த்தா இது இறக்கம். ரோட்டில் அப்படி இல்லை.

ஸ்பீட் பிரேக்கரைத் திட்டாதீங்க

'பின்னாடி பீம்ப்பா, ஸ்பீட் பிரேக்கர்ல தூக்கிப் போடுது'னு சீன் போடுற நண்பர் உங்க கேங்கில் கட்டாயம் ஒருத்தர் இருப்பார். அவரை மடக்க ஒரு பாயின்ட் தர்றேன். ஸ்பீட் பிரேக்கரில் நேரா ஏறினா ரெண்டு பின் வீலும் ஒரே நேரத்தில், ஒரே உயரத்துக்கு ஏறும். அப்ப உத்தரம் முறுக்கிக்கவே இல்லை! ரெண்டு வீலும் சேர்ந்திருக்கா, பிரிஞ்சிருக்காங்கிற கேள்விக்கே அங்கே இடமில்லை. உங்களைத் தூக்கிப் போடுறது ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், புஷ். இல்லைனா ஓட்டுறவரோட கால்!

பீம் மாட்டிக்கிற இடம் வேற. ஒரு பக்க வீல் மட்டும் விழுற பள்ளம், கேபிளுக்குத் தோண்டி ஒரு ஓரமா மட்டும் மூடின ரோடு. அங்கே ஒரு பக்கத்து அடி மறுபக்கத்துக்கும் போய், பின் சீட்டில் இருக்கிறவங்க தலை இடமும் வலமுமா ஆடும். நம்ம ஊரில் ஸ்பீட் பிரேக்கருக்கும் பஞ்சமில்லை, இந்த மாதிரி பள்ளத்துக்கும் பஞ்சமில்லை. உங்க ரூட்டில் எது அதிகம்னு நீங்கதான் சொல்லணும்.

அப்புறம் ஏன் எல்லாக் காருக்கும் மல்டி லிங்க் வைக்கலை? காசுனு ஒரே வார்த்தையில் முடிச்சிடலாம், ஆனா பாதிதான் சரி. மீதி, இடம். ட்விஸ்ட் பீமில் ஸ்பிரிங்கை உட்கார வைக்கத் தரைக்கடியிலேயே இடம் கிடைக்குது. ஷாக்கை ஒல்லியா ஓரமா நிறுத்திடலாம். டிக்கி அகலமா கிடைக்கும், ஸ்டெப்னிக்கும் பெட்ரோல் டேங்குக்கும் சண்டை வராது. மல்டி லிங்க் கைகளும் அதைத் தாங்குற சப்ஃப்ரேமும் அந்த இடத்தைத் தின்னும். ஹோண்டாவே இதுக்கு சாட்சி. 2006-ல் இந்தியாவுக்கு வந்த சிவிக் செடானில் பின்னாடி இண்டிபென்டென்ட். அதே தலைமுறை ஐரோப்பிய ஹேட்ச்பேக் சிவிக்கில் டார்ஷன் பீம்! அங்கே பெட்ரோல் டேங்கை முன் சீட்டுக்கு அடியில் தள்ளி, பீமையும் வெச்சு, பின்னாடி சீட்டை மடக்கினா சைக்கிளையே ஏத்துற அளவுக்கு இடம் பண்ணினாங்க. இங்கே சிவிக்கோட மல்லுக்கு நின்ன டொயோட்டா கரோலா ஆல்டிஸில் பீம்தான். ஆல்டிஸ் வாங்கினவங்க யாரும் அதுக்காகக் கண்ணீர் விட்ட மாதிரி தெரியலை.

கொஞ்சம் பழைய கணக்கு ஒண்ணு. 1998-ல் திருவள்ளூரில் தயாராக ஆரம்பிச்ச மிட்சுபிஷி லான்ஸரில் மல்டி லிங்க். அடுத்த வருஷம் மறைமலை நகரில் பிறந்த ஃபோர்டு ஐகானில் ட்விஸ்ட் பீம். ரெண்டும் ஃப்ரன்ட் வீல் டிரைவ், ரெண்டும் சென்னையைச் சுத்திப் பிறந்தது, ரெண்டையும் ஓட்டுறதுக்கு அருமையான வண்டினுதான் சீனியர்கள் உருகுறாங்க.

ஊசலாடின ஜெர்மனி, நிரூபிச்ச ஃப்ரான்ஸ்

1998-ல் ஃபோர்டு இறக்கின ஃபோகஸ் ஐரோப்பாவை உலுக்குச்சு. அதில் 'கன்ட்ரோல் பிளேட்'னு ஒரு பின் சஸ்பென்ஷன். வார்ப்பு இரும்புக் கைகளுக்குப் பதிலா தகட்டை அழுத்தி எடுத்த ஒரு நீளக் கை, கூட குட்டிக் குட்டி லிங்க்குகள். சாதாரணக் குடும்பக் காரிலும் மல்டி லிங்க் கட்டுப்படியாகும்னு காட்டினாங்க. ரிச்சர்ட் பாரி ஜோன்ஸ்ங்கிற இன்ஜினீயர் தலைமையில் நடந்த வேலை. அடுத்த வருஷம் ஐரோப்பாவின் சிறந்த கார் விருதும் அதுக்குத்தான்.

1974-லிருந்து பீமைக் கட்டிக்கிட்டிருந்த கோல்ஃப் என்ன பண்ணுச்சு? 2003-ல் வந்த அஞ்சாம் தலைமுறையில் அவங்களும் மல்டி லிங்க்குக்கு மாறினாங்க. கதை முடிஞ்சதுனு நினைச்சா... 2012-ல் ஏழாம் தலைமுறை. பவர் அதிகமான மாடலுக்கு மல்டி லிங்க், பவர் குறைஞ்ச மாடலுக்குத் திரும்பவும் ட்விஸ்ட் பீம்! ஒரே கார், ஒரே பாடி, பின்னாடி மட்டும் ரெண்டு பதில். மஸ்டா 3 இன்னும் ஒரு படி மேலே போய், 2019 மாடலில் மல்டி லிங்க்கையே கழட்டி வெச்சிட்டு டார்ஷன் பீமுக்கு வந்துச்சு. ரசிகர்கள் பொங்கிட்டாங்க.

ஆனா எனக்குப் பிடிச்ச கதை ரெனோவோடது. ஜெர்மனியில் நூர்பர்க்ரிங்னு ஒரு ரேஸ் ட்ராக், 20 கிலோமீட்டருக்கு மேலே, மலைக்காட்டுக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு போகும். ஃப்ரன்ட் வீல் டிரைவ் கார்களோட கௌரவப் போட்டியே அங்கேதான். ஹோண்டா 2015 சிவிக் டைப் ஆர் காரில் டார்ஷன் பீமை வெச்சு 7 நிமிஷம் 50.63 விநாடியில் சுத்தினாங்க. 2017 மாடலில் மல்டி லிங்க்குக்கு மாறி 7 நிமிஷம் 43.80. பார்த்தீங்களா, மல்டி லிங்க் ஜெயிச்சிடுச்சுனு விசில் அடிக்கத் தோணுதா? பொறுங்க. 2019-ல் ரெனோ, மெகான் ஆர்.எஸ். ட்ரோஃபி ஆர்னு ஒரு காரைக் கொண்டு வந்தாங்க. சாதா ட்ரோஃபியில் பின் வீலையும் திருப்புற சிஸ்டம் இருந்துச்சு. எடையைக் குறைக்க அதைக் கழட்டி வீசிட்டு, சாதுவான ஒரு டார்ஷன் பீமை மாட்டினாங்க. நேரம்? 7 நிமிஷம் 40.1 விநாடி. ஹோண்டா அவுட்!

2023-ல் ஹோண்டா திரும்ப வந்து, முழுச் சுத்தான 20.832 கிலோமீட்டரை 7 நிமிஷம் 44.881 விநாடியில் முடிச்சுப் பட்டத்தை மீட்டாங்க. அதே தூரத்துக்கு ரெனோவோட நேரம் 7 நிமிஷம் 45.389. வித்தியாசம் அரை விநாடி! டயர், எடை, இன்ஜின்னு இதில் எவ்வளவோ இருக்கு, சஸ்பென்ஷன் மட்டுமே காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா 'பீம்னா மட்டம்'னு இனிமே யாராவது பீட்டர் விட்டா, இந்த அரை விநாடியைக் காட்டுங்க.

இங்கேயும் காற்று ரெண்டு பக்கமும் அடிக்குது. இன்னோவா க்ரிஸ்டாவில் பின் வீல் டிரைவ், பூசணிக்காய் ஆக்ஸில். 2022-ல் அறிமுகமான ஹைகிராஸ் ஃப்ரன்ட் வீல் டிரைவுக்கு மாறி, டார்ஷன் பீம் வெச்சுக்கிச்சு. டாடா ஹாரியர், லேண்ட் ரோவர் ப்ளாட்ஃபார்மில் இருந்து வந்த வண்டி. அங்கே மல்டி லிங்க், 2019-ல் இங்கே வந்த ஹாரியரில் ட்விஸ்ட் பீம் ரகம். அதே ஹாரியர் 2025-ல் எலெக்ட்ரிக்கா வந்தப்ப பின்னாடி மல்டி லிங்க்! ஏன்? பின்னாடி மோட்டார் உட்கார்ந்து வீலை இழுக்க ஆரம்பிச்சிடுச்சு. பின் வீலுக்கு வேலை மாறிப் போச்சு, பதிலும் மாறிப் போச்சு.

மேடம், இப்ப கேளுங்க. சின்ன கார், ஃப்ரன்ட் வீல் டிரைவ்னா பீம்தான் வைப்பேன். மிச்சமாகிற காசை நல்ல ஷாக் அப்சார்பரிலும் புஷ்ஷிலும் போடுவேன். நீளமான, கனமான, பின் சீட்டில் முதலாளி உட்கார்ந்து வர்ற கார்னா மல்டி லிங்க். பின்னாடி மோட்டாரோ நாலு வீல் டிரைவோ வரும்னா, பெரும்பாலும் யோசிக்கவே வேண்டாம், மல்டி லிங்க். ஒண்ணு மட்டும் ஒர்க்‌ஷாப்பில் கத்துக்கிட்டது: கட்டைச்சுவரில் பின் வீலை இடிச்சா, மல்டி லிங்க்கில் வளைஞ்ச கையை மட்டும் மாத்தலாம். பீம் வளைஞ்சா, முழு 'ஹெச்'சையும் மாத்தணும். பதிலா, பீமில் பின்பக்க அலைன்மென்ட் பார்க்கிற தொல்லை ரொம்பக் குறைவு, திருகுறதுக்கே பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது.

நீங்களும் பார்க்கணுமா? ஜாக்கி போட்ட வண்டிக்கு அடியில் மட்டும் போயிடாதீங்க. நிறுத்தி வெச்ச காருக்குப் பின்னாடி குத்தவெச்சு உட்கார்ந்து, செல்போன் டார்ச்சை ஸ்டெப்னிக்கு முன்பக்கமா அடிங்க. ஒரு வீலிலிருந்து இன்னொரு வீலுக்கு ஒரே உத்தரம் குறுக்கே போனா பீம். குறுக்கே ஏதோ தெரிஞ்சு, அது பாடியோட போல்ட்டு போட்டிருந்தா ஏமாந்திடாதீங்க, அது சப்ஃப்ரேம். அதிலிருந்து கைகள் கிளம்புதானு பாருங்க.

போன வாரம் காலேஜ் பார்க்கிங்கில் இப்படித்தான் ஒரு காருக்குப் பின்னாடி, முட்டி போட்டு, கன்னம் தரையில் படுற மாதிரி குனிஞ்சு பார்த்துட்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"என்னம்மா தேடற என் கார்ல?"

ஹெச்.ஓ.டி!

"சார்... இது... பின்னாடி பீமா, இண்டிபென்டென்ட்டானு..."

திட்டுவார்னு நினைச்சேன். ஒரு நொடி யோசிச்சார். எனக்கு அந்த சாப்டரை எடுத்ததே அவர்தான். டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கிட்டு, கையிலிருந்த பையைக் கீழே வெச்சார். மெதுவா மண்டி போட்டார்.

"லைட்டை இந்தப் பக்கம் அடிம்மா. புஷ் தெரியல."